நிக்கல் சூப்பர் அலாயில் குளிரும் வேகம்: அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் முறை

ஹீட் ட்ரீட்மென்ட் சார்ட்டில் குறையில்லை, ஹார்ட்னஸும் வரம்புக்குள் இருக்கிறது, ஆனாலும் ஜாப் கடலடியில் விரிசல் விட்டுவிட்டது. அல்லது ஆசிட் சோதனையில் படிகங்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. நிக்கல் சூப்பர் அலாயில் இப்படி ஒரு புகார் வந்தால் நான் முதலில் கேட்பது ஃபர்னஸ் சார்ட்டை அல்ல. சொல்யூஷன் வெப்பநிலையிலிருந்து, அதாவது படிவுகளைக் கரைக்கச் சூடாக்கும் வெப்பநிலையிலிருந்து, 650 டிகிரி செல்சியஸ் வரை ஜாபின் நடுப்பகுதி எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்பதைக் கேட்பேன். பெரும்பாலான இடங்களில் அந்த எண் யாரிடமும் இருக்காது. ஃபர்னஸுக்குள் இருந்த தெர்மோகப்பிள் கதவு திறந்ததோடு தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல உலோகம் மட்டுமே மிஞ்சுகிறது.

இங்கே பெரும்பாலும் இன்கோனல் 718-ஐ வைத்துப் பேசுகிறேன். விமான இன்ஜின் டிஸ்க் முதல் எண்ணெய்க் கிணற்று வால்வு வரை அதிகம் புழங்குவது அதுதான். குளிரும் வேகத்தால் வரும் பிழைகள் அதில்தான் அதிகமாகக் குழப்பப்படுகின்றன. 625, சி-276, நைமோனிக் 80ஏ, யூடிமெட் 720, ஐ.என். 738 ஆகியவை தேவைப்படும் இடத்தில் வரும்.

எதற்கும் முன்னால்: பிழை எந்த இடத்தில் இருக்கிறது?

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஜாபைக் குறுக்கே வெட்டி, ஓரம், பாதி ஆழம், நடு என்று மூன்று இடங்களில் மாதிரி எடுங்கள். ஒரே ஒரு இடத்தில் எடுத்த மைக்ரோகிராஃபை வைத்து யாராவது குளிரும் வேகத்தின் மேல் பழி போட்டால் நம்பாதீர்கள்.

மூன்று இடத்திலும் படம் ஒன்றேபோல இருந்தால் சந்தேகப்பட வேண்டியது சொல்யூஷன் வெப்பநிலையையோ ஏஜிங் (வலு தரும் படிவு வளர மிதமான சூட்டில் ஊறவைப்பது) வெப்பநிலையையோதான். ஏனென்றால் போதிய நேரம் ஊறிய ஜாபில் வெப்பநிலை எங்கும் ஒன்று. வேகம் மட்டும்தான் இடத்துக்கு இடம் மாறும். ஓரம் சுத்தமாக இருந்து, நடுவே போகப் போகப் படிக எல்லைகள் தடித்துக்கொண்டே வந்தால் அது குளிரும் வேகம். மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு ஆழத்துக்கு மட்டும் கெட்டிருந்தால் ஃபர்னஸ் காற்று வேலை காட்டியிருக்கிறது. கெட்ட பகுதி ஃபோர்ஜிங் ஓட்டத்தோடு பட்டை பட்டையாகப் போனால் பிழை இங்காட் உறைந்த நாளிலேயே பிறந்தது. இப்போது குவென்ச் தொட்டியை (சூடான ஜாபைச் சட்டென்று ஆற்றும் தொட்டி) திட்டிப் பயனில்லை.

இந்த நான்கு வேறுபாடும் கண்ணுக்குத் தெரிய நல்ல எட்ச் (படிக எல்லை தெரியும்படி லேசாக அரிப்பது) வேண்டும். 718-க்கு காலிங்ஸ் இரண்டாம் எண் கரைசல் போதும்: 5 கிராம் குப்ரிக் குளோரைடு, 100 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம், 100 மில்லி எத்தனால். டெல்டா கட்டம் (படிக எல்லையில் வளரும் படிவு; கீழே விளக்குகிறேன்) மட்டும் தனியாகத் தெரிய வேண்டுமென்றால் 10 சதவீத ஆக்ஸாலிக் அமிலத்தில் எலக்ட்ரோலைட்டிக் எட்ச் நன்றாக இருக்கும். கிளிசரீஜியா (ஹைட்ரோகுளோரிக் அமிலம், நைட்ரிக் அமிலம், கிளிசரின் கலவை) பயன்படுத்துகிறவர்கள் அன்றன்றைக்குக் கலந்து, மிச்சத்தை அன்றே முறைப்படி அழித்துவிடுங்கள். மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும்.

நடுப்பகுதி எவ்வளவு மெதுவாக இறங்குகிறது?

718 வெப்பத்தை மோசமாகக் கடத்தும் உலோகம். அறை வெப்பநிலையில் அதன் கடத்துதிறன் ஏறத்தாழ 11 வாட்/மீட்டர்-கெல்வின்; சாதாரண எஃகில் நான்கில் ஒரு பங்குகூட வராது. சூட்டில் அது கூடுகிறது என்றாலும் தடித்த ஜாபுக்கு அது போதாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 மி.மீ. விட்டமுள்ள உருளை 1030 டிகிரியிலிருந்து தண்ணீரில் இறங்குகிறது. அதன் மேற்பரப்பு அந்த நொடியே தண்ணீரின் வெப்பநிலைக்கு வந்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். இதைவிட நல்ல குவென்ச் உலகத்தில் கிடையாது. அப்போதும் நடுப்பகுதி 650 டிகிரிக்கு வர எட்டு ஒன்பது நிமிடம் ஆகிறது. 50 மி.மீ. உருளைக்கு அதே கணக்கு ஏறத்தாழ 20 நொடி தருகிறது. விட்டம் ஐந்து மடங்கானால் நேரம் இருபத்தைந்து மடங்கு. அதே 250 மி.மீ. உருளையை அசையாத காற்றில் விட்டால் 650-க்கு வர அரை மணி நேரத்தை ஒட்டி ஆகும்.

இந்த நேரத்துக்குள் உள்ளே நடப்பது இதுதான். 718-ஐ வலுவாக்குவது காமா டபுள் பிரைம் என்னும் மிக நுண்ணிய தட்டு வடிவப் படிவு. நிக்கல் மூன்று, நயோபியம் ஒன்று என்ற சேர்க்கை அது. அதே சேர்க்கையின் நிலைத்த வடிவம் டெல்டா. அது ஊசியாகவோ சவ்வாகவோ படிக எல்லையில் வளரும்; வலு தராது; நயோபியத்தை மட்டும் தின்றுவிடும். டெல்டா ஏறத்தாழ 650 முதல் 1000 டிகிரி வரை உருவாகக்கூடியது, 900-ஐ ஒட்டி மிக வேகமாக. அதற்குக் கீழே டபுள் பிரைம் பிறக்கும் பகுதி வருகிறது. ஆக, மெதுவாகக் குளிரும் ஜாப் முதலில் டெல்டாவின் வீட்டைக் கடந்து, பிறகு அவசரப்பட்டுப் பிறந்த பெரிய டபுள் பிரைமின் வீட்டைக் கடந்து வெளியே வருகிறது.

அறிகுறி: ஏஜிங் முடிந்தும் ஹார்ட்னஸ் ஏறவில்லை, அல்லது ஓரத்துக்கும் நடுவுக்கும் பெரிய வித்தியாசம்

718-இல் இதைப் பார்த்தால் மிச்சமுள்ள ஜாப்களில் ஒன்றை எடுத்து, ஏஜிங்குக்கு முன்னால், சொல்யூஷன் முடிந்த நிலையிலேயே ஓரத்திலும் நடுவிலும் ஹார்ட்னஸ் பாருங்கள். மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் சொல்லும் சோதனை இது, ஆனால் செய்கிறவர்கள் குறைவு. வேகமாகக் குளிர்ந்த 718 மென்மையாக இருக்கும், விமானத்துறைத் தரநிலையான ஏ.எம்.எஸ். 5662 சொல்யூஷன் நிலைக்கு பிரினெல் 277-ஐ மேல்வரம்பாக வைத்திருக்கிறது. ஏஜிங்குக்கு முன்னாலேயே நடுப்பகுதி ஓரத்தைவிடக் கடினமாக இருந்தால், இறங்கும் வழியிலேயே டபுள் பிரைம் வெளியே வந்துவிட்டது என்று பொருள். ஏஜிங்கில் அது மேலும் பருத்துவிடும், கடைசியில் வலு குறையும். முன்னால் கடினம், பின்னால் மென்மை: இந்தத் தலைகீழ்தான் மெதுவான குளிர்ச்சியின் கையெழுத்து.

ஏஜிங்குக்கு முன்னால் இரண்டு இடமும் மென்மை, பின்னால் இரண்டு இடமும் குறைவு என்றால் குளிர்ச்சியை விட்டுவிட்டு ஏஜிங் ஃபர்னஸைப் பாருங்கள். விமானத்துறைச் சுழற்சி 718 டிகிரியில் எட்டு மணி நேரம், பிறகு மணிக்கு 55 டிகிரி வீதம் 621-க்கு இறக்கி, மொத்தம் பதினெட்டு மணி நேரம் முடித்துக் காற்றில் ஆற்றுவது. நடுவில் வரும் அந்த 55 டிகிரி பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அது குற்றவாளியாவது அரிது. மொத்த நேரம் குறைந்துபோவதும், நெருக்கி அடுக்கிய லோடில் நடு ஜாப் 718-ஐத் தொடுவதற்குள் கடிகாரத்தை ஓட விடுவதும்தான் அடிக்கடி நடப்பவை.

718 இவ்வளவாவது பொறுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தில் ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் உருவாக்கி 1962-இல் காப்புரிமை பெற்ற அலாய் இது. டபுள் பிரைம் மந்தமாகப் பிறப்பதால் வெல்டிங்கின்போது விரிசல் குறைந்தது. சுமாரான தடிமனைக் காற்றில் ஆற்றினாலும் மென்மையாகவே கிடைத்தது. நைமோனிக் 80ஏ, வாஸ்பலாய், யூடிமெட் 720 அப்படியல்ல. அவற்றை வலுவாக்கும் காமா பிரைம் என்னும் படிவில் அலுமினியமும் டைட்டானியமும் இருக்கின்றன. அது மிக வேகமாகப் பிறக்கும். டைட்டானியமும் அலுமினியமும் அதிகமுள்ள ரகங்களில் தண்ணீரில் போட்டாலும் அதை முழுக்க நிறுத்த முடியாது. அங்கே குளிரும் வேகம்தான் துகளின் அளவையே தீர்மானிக்கிறது. வேகமாக இறக்கினால் நுண்ணிய துகள் ஒரே அளவில் அடர்த்தியாக வரும். மெதுவாக இறக்கினால் மேலே பிறந்தவை பருத்துவிட, அவற்றுக்கு நடுவே மிஞ்சிய இடத்தில் இன்னொரு சிறு தலைமுறை பிறந்து இரண்டு அளவும் கலந்து நிற்கும். 80ஏ-வின் 1080 டிகிரி, எட்டு மணி நேரம், பிறகு 700 டிகிரி, பதினாறு மணி நேரம் என்ற சுழற்சியில் முதல் படி முடிந்து ஜாப்களைக் குவியலாகப் போட்டு ஆற்றினால், குவியலின் நடுவில் கிடந்ததும் மேலே கிடந்ததும் இரண்டாம் படி முடிந்த பிறகும் வேறு வேறாகவே இருக்கும். ஏஜிங் அதைச் சரிசெய்யாது. திரும்ப சொல்யூஷன் போய் வருவது ஒன்றுதான் வழி.

அறிகுறி: ஹார்ட்னஸ் சரி, ஆனால் உடைந்த முகம் படிக எல்லை வழியே போயிருக்கிறது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். உயிருக்கும் பொருளுக்கும் பெரிய சேதம் தரக்கூடிய பிழை இதுவே, மறைந்து நிற்பதும் இதுவே.

சூழல் பெரும்பாலும் இப்படி இருக்கும். கடலடியில் 718 போல்ட்டோ குழாயைத் தொங்கவிடும் ஹேங்கரோ பக்கத்து எஃகோடு இணைந்திருக்கிறது. எஃகைக் காப்பாற்ற அலுமினிய ஆனோடு கட்டியிருக்கிறார்கள். அது வெள்ளி/வெள்ளி குளோரைடு அளவையில் மைனஸ் 1.05 வோல்ட்டை ஒட்டி இழுக்கிறது. அந்த மின்னழுத்தத்தில் 718-இன் மேற்பரப்பில் ஹைட்ரஜன் அணு உருவாகி உள்ளே போகிறது. கிணற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் விளைவு இதே மாதிரிதான். உள்ளே போன ஹைட்ரஜன் டெல்டாவுக்கும் தாய் உலோகத்துக்கும் நடுவேயுள்ள இடைமுகத்தில் தங்கி அதைப் பலவீனமாக்குகிறது. படிக எல்லை நெடுகிலும் டெல்டா சவ்வாக விரிந்திருந்தால் விரிசலுக்கு ஒரு நீண்ட நேர்வழி கிடைத்துவிடுகிறது. ராக்வெல் சி 38 காட்டிய ஜாப் இப்படி உடைந்தால் வியக்க ஒன்றுமில்லை. ஹார்ட்னஸ் கருவி படிகத்தின் உள்ளே இருக்கும் டபுள் பிரைமை அளக்கிறது. எல்லையில் நடந்தது அதற்குத் தெரியாது.

இங்கே தெளிவாக்கிவிட வேண்டிய ஒன்று: 718-இல் டெல்டாவால் வரும் கேட்டைக் குரோமியம் வற்றியதால் வந்த அரிப்பு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். டெல்டா குரோமியத்தை உண்பதில்லை. கார்பனைப் பெரும்பாலும் நயோபியம் கார்பைடாகவே கட்டிப்போட்டிருப்பதால் 718-இல் பழைய துருப்பிடிக்காத எஃகு பாணி சென்சிடைசேஷன் (படிக எல்லையை ஒட்டிக் குரோமியம் வற்றுவது) முக்கியப் பிரச்சினை அல்ல. காரணத்தைத் தப்பாக எழுதினால் சோதனையையும் தப்பாகத் தேர்ந்தெடுப்போம்: ஆசிட் சோதனையில் பாஸாகிவிட்ட ஜாபை நல்லதென்று அனுப்பிவிடுவோம்.

இப்போது ஓரம்–நடு ஒப்பீட்டைச் செய்யுங்கள்.

மூன்று இடத்திலும் டெல்டா இருக்கிறதா? அப்படியானால் குவென்ச் மேல் பழி போட முடியாது. சொல்யூஷன் வெப்பநிலை குறைவு. இதற்கு ஒரு வழக்கமான பின்கதை உண்டு. விமான டிஸ்க் செய்கிறவர்களுக்கு டெல்டா வேண்டும். அது படிகம் வளராமல் பிடித்துக்கொள்ளும், களைப்பு ஆயுள் கூடும். ஆகவே அவர்கள் டெல்டா கரையும் எல்லைக்குக் கீழே, 954–982 டிகிரியை ஒட்டி சொல்யூஷன் செய்கிறார்கள். எண்ணெய்க் கிணற்றுக்குப் போகும் 718-க்கு ஏ.பி.ஐ. 6ஏசிஆர்ஏ தரநிலை கேட்பது 1021–1052 டிகிரி சொல்யூஷன், வேகமான குளிர்ச்சி, பிறகு 774–802 டிகிரியில் ஆறு முதல் எட்டு மணி நேர ஒற்றை ஏஜிங். விமானச் சான்றிதழோடு வந்த பாரை வாங்கி, ஏஜிங்கை மட்டும் எண்ணெய்த் துறைக்கு மாற்றிச் செய்தால் ஹார்ட்னஸ் வரம்புக்குள் அழகாக விழும்; டெல்டா அப்படியே கிடக்கும். பாரின் விலை குறைவு என்று இதைச் செய்கிறவர்களிடம் நான் சற்றும் இரக்கம் காட்டுவதில்லை. இந்த ஜாபின் பக்கத்தில் ஆட்கள் நின்று வேலை செய்கிறார்கள்.

ஓரத்தில் சுத்தம், நடுவில் சவ்வு என்றால் குளிர்ச்சிதான். எங்கே நேரம் போனது என்று வரிசையாகப் பாருங்கள். முதலாவது, ஃபர்னஸ் கதவு திறந்ததிலிருந்து தண்ணீர் தொடும் வரை எத்தனை நொடி. 1030 டிகிரி ஜாப் கிரேனில் தொங்கும்போது கதிர்வீச்சினாலேயே முதலில் டெல்டா பகுதிக்குள் இறங்குவது மெல்லிய விளிம்புகள். ஆகவே தடிமன் மாறும் ஜாபில் மெல்லிய பகுதியும் கெட்டிருந்தால் தாமதத்தைச் சந்தேகியுங்கள். இரண்டாவது, தொட்டியின் கொள்ளளவும் கலக்கும் வேகமும். அசையாத தண்ணீரில் ஜாபைச் சுற்றி நீராவிப் போர்வை நிற்கும். அது உடையும் வரை குளிர்ச்சி நடப்பதே இல்லை எனலாம். மூன்றாவது, ஜாப்களை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குவது. நான்கு உருளைகளை இடைவெளியில்லாமல் கட்டி இறக்கினால் உலோகத்தைப் பொறுத்தவரை அது ஒரே பெரிய உருளை. துளை உள்ள ஜாபில் துளைக்குள் தண்ணீர் ஓடுகிறதா, நீராவி அடைத்து நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நடுவில் டெல்டா என்றால் தடிமன்தான் காரணம். மேலே போட்ட கணக்குக்குத் திரும்புங்கள். எந்தத் தொட்டியாலும் அந்த எட்டு ஒன்பது நிமிடத்தைக் குறைக்க முடியாது. தீர்வு ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு முன்னால் கரடாக மெஷின் செய்து, துளையைப் போட்டு, சுவரை மெலிதாக்குவது. சிலர் இதற்கு மறுப்பார்கள், கோணல் வரும் என்று. சற்று அதிக மெஷினிங் அலவன்ஸ் விட்டால் அது தீரும்.

டெல்டா எவ்வளவு இருக்கலாம் என்பதில் சதவீதத்தைவிடத் தொடர்ச்சிதான் முக்கியம். அங்கங்கே துண்டு துண்டாக நிற்கும் ஊசிகள் ஒன்று. படிகத்தைச் சுற்றி வளைத்த சங்கிலி வேறொன்று. எண்ணெய்த் துறைத் தரநிலை தடை செய்வது எல்லை நெடுகத் தொடரும் வலைப்பின்னலைத்தான். 500 மடங்கில் பார்த்து முடிவு செய்யுங்கள். 100 மடங்கில் மெல்லிய சவ்வு எல்லைக் கோட்டோடு கலந்துவிடும்.

திருத்தம்: திரும்ப 1021–1052 டிகிரிக்குக் கொண்டுபோய் டெல்டாவைக் கரைத்து, இந்த முறை வேகமாக இறக்கி, புதிதாக ஏஜ் செய்யலாம். ஆனால் டெல்டா கரைந்ததும் படிகத்தைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. ஒவ்வொரு முறை திரும்பப் போகும்போதும் படிகம் வளரும். ஒன்றிரண்டு முறைக்குப் பிறகு படிக அளவே வரம்பு மீறும். இரண்டாம் முறைக்கு முன்னால் அதே அளவுள்ள டம்மி ஜாபின் நடுவரை துளையிட்டுத் தெர்மோகப்பிள் வைத்து, குளிர்ச்சி வளைவை எடுத்துவிடுங்கள். காரணம் தெரியாமல் திரும்பச் சூடாக்கினால் அதே சவ்வு பெரிய படிகத்தோடு திரும்ப வரும்.

அறிகுறி: ஆசிட் சோதனையில் எடை இழப்பு அதிகம், படிகங்கள் உதிர்கின்றன

இது 625-க்கும் சி-276-க்கும் உரிய புகார். இவற்றில் வலு தருவது பெரும்பாலும் கரைந்திருக்கும் மாலிப்டினமும், அதோடு 625-இல் நயோபியமும், சி-276-இல் டங்ஸ்டனும். ஆகவே மெதுவாகக் குளிர்ந்தால் ஹார்ட்னஸ் பெரிதாக மாறாது, அரிப்பு எதிர்ப்பு மட்டும் போய்விடும். 625 ஏறத்தாழ 650–900 டிகிரியில் நின்றால் படிக எல்லையில் குரோமியக் கார்பைடு படியும். அதை ஒட்டிய மெல்லிய பட்டையில் குரோமியம் வற்றும். சி-276-இல் மாலிப்டினமும் டங்ஸ்டனும் நிறைந்த கார்பைடும் மியூ என்னும் இன்னொரு படிவும் அதே வேலையைச் செய்கின்றன. அங்கே மாலிப்டினமும் சேர்ந்து வற்றுகிறது. சி-276-இல் கார்பன் 0.01 சதவீதம், சிலிக்கான் 0.08 சதவீதம் என்று மேல்வரம்பை இறுக்கி வைத்ததே இதைத் தாமதப்படுத்தத்தான். தாமதப்படுத்தியது, நிறுத்தவில்லை. ஆகவேதான் 1121 டிகிரியை ஒட்டிய சொல்யூஷனுக்குப் பிறகு தண்ணீர்.

சோதனை ஏ.எஸ்.டி.எம். ஜி28-இன் ஏ முறை: கொதிக்கும் கந்தக அமிலத்தில் ஃபெர்ரிக் சல்ஃபேட். 625-க்கு 120 மணி நேரம், சி-276-க்கு 24 மணி நேரம். இரண்டு அலாயின் எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். அந்தக் கரைசல் வலிமையான ஆக்சிஜனேற்றி. குரோமியம் 16 சதவீதமே உள்ள சி-276 நல்ல நிலையில்கூட அதில் அதிகம் கரையும். அதே அலாயின் நல்ல மாதிரியோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

எண் அதிகம் வந்துவிட்டால், குளிர்ச்சியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் மாதிரியின் எல்லா முகங்களையும் 0.2 மி.மீ. அளவுக்கு கிரைண்ட் செய்து திரும்பச் சோதியுங்கள். காற்று ஃபர்னஸில் 1100 டிகிரியில் ஊறிய ஜாபின் தோலில் குரோமிய ஆக்சைடு வளர்ந்திருக்கும். அதற்கடியில் குரோமியம் வற்றிய அடுக்கு இருக்கும். கிரைண்ட் செய்ததும் எண் விழுந்துவிட்டால் உள்ளே உலோகம் நலமாக இருக்கிறது, பிக்கிளிங்தான் (அமிலத்தில் தோலை நீக்குவது) போதவில்லை. எண் விழவில்லை என்றால் உண்மையிலேயே எல்லை கெட்டிருக்கிறது. அப்படிக் கெட்ட ஜாபை நைட்ரிக்–ஹைட்ரோஃப்ளோரிக் தொட்டியில் மேலும் ஊறவைப்பது கேட்டைக் கூட்டும். அமிலம் எல்லை வழியே உள்ளே இறங்கும்.

625 வாங்கும்போது சான்றிதழில் ரகத்தைப் பாருங்கள். ஏ.எஸ்.டி.எம். பி446-இல் முதல் ரகம் குறைந்தது 871 டிகிரியில் அனீல் ஆனது, இரண்டாம் ரகம் குறைந்தது 1093 டிகிரியில் சொல்யூஷன் ஆனது. ஈர அரிப்புக்கு முதல் ரகம் வழக்கம்தான், ஆனால் 871-ஐ ஒட்டி அனீல் செய்து மெதுவாக ஆற்றிய தடித்த பார் கார்பைடின் நடுவீட்டில் நின்றுவிட்டு வந்ததைப் போன்றது. எஃகு ஃபோர்ஜிங்கின் மேல் 625 ஓவர்லே வெல்ட் போட்டு, எஃகுக்காக 650 டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் அழுத்தம் தணிக்கிற வேலையிலும் இதே கவலை உண்டு. அங்கே குளிரும் வேகத்தை மாற்ற முடியாது. குறைந்த கார்பன் கம்பி, எஃகு அதிகம் கலக்காத மேலடுக்கு என்று வெல்டிங் பக்கத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

அறிகுறி: வெல்டில், வார்ப்பில், 3டி பிரிண்ட் ஜாபில் குழி அரிப்பு

இங்கே கேள்விக்குரியது திண்மத்தில் நடந்த குளிர்ச்சி அல்ல, உறையும்போது நடந்தது. 718 உறையும்போது நயோபியமும் மாலிப்டினமும் கடைசித் துளி திரவத்தில் ஒதுங்கும். அந்தத் துளி லாவெஸ் கட்டமாக உறையும். லாவெஸில் நயோபியம் 20 சதவீதத்துக்கு மேல். டென்ட்ரைட்டின் (உறையும்போது மரக்கிளைபோல வளரும் படிகம்) உட்பகுதியில் அது பற்றாக்குறை. குளோரைடு கரைசலில் இந்த இரண்டு பகுதியும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்து, குழி பெரும்பாலும் லாவெஸை ஒட்டிய இடத்தில் தொடங்குகிறது.

டென்ட்ரைட் கிளைகளின் இடைவெளி குளிரும் வேகத்தின் கனமூலத்துக்கு ஏறத்தாழ எதிர்விகிதம். வேகம் எட்டு மடங்கானால் இடைவெளி பாதி. கரைத்துச் சமனாக்க ஆகும் நேரம் இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே கால் பங்கு நேரம் போதும். லேசர் பவுடர் பெட் பிரிண்டில் வேகம் நொடிக்கு லட்சம் டிகிரியைத் தாண்டும். கிளை இடைவெளி மைக்ரான் அளவில், லாவெஸ் பொட்டுப் பொட்டாக. தடித்த மெழுகு அச்சு (இன்வெஸ்ட்மென்ட்) வார்ப்பில் நொடிக்கு ஒரு டிகிரியை ஒட்டி. லாவெஸ் சங்கிலியாகக் கைகோத்து நிற்கும். டிக் வெல்ட் நடுவே.

ஆகவே வெல்டில் குழி வந்தால் ஹீட் இன்புட், பாஸ்களுக்கு நடுவே இருந்த வெப்பநிலை, வீவிங் அகலம் மூன்றையும் பாருங்கள். மூன்றும் கூடினால் உறையும் வேகம் குறையும்.

பிரிண்ட் ஜாபில் வேறு ஒரு பொறி இருக்கிறது. வேகமாக உறைந்தது என்பதால் ஒதுங்கல் இல்லை என்று நினைத்து, விமானச் சுழற்சியின் 954–982 டிகிரியை நேரடியாகக் கொடுப்பார்கள். ஒதுங்கல் நுண்ணியதுதான், இல்லாமலில்லை. நயோபியம் செறிந்த ஒவ்வொரு இடைவெளியிலும் டெல்டா ஊசி முளைத்து, முன்பைவிட மோசமாகிவிடும். முதலில் 1065 டிகிரியை ஒட்டி ஒன்றரை மணி நேர அழுத்தத் தணிப்போ, 1120–1185 டிகிரியில் ஹிப்பிங்கோ (உயர் வாயு அழுத்தத்தில் சூடாக்குவது) செய்து லாவெஸைக் கரைத்துவிட வேண்டும். ஹிப் கலம் மெதுவாகக் குளிரும் வகை என்றால், அதற்குப் பிறகு தனியாக ஒரு சொல்யூஷனும் குவென்ச்சும் கட்டாயம். ஹிப்பில் கரைத்தது இறங்கும் வழியில் டெல்டாவாகத் திரும்பியிருக்கும்.

வார்ப்பில் சமனாக்கும்போது அவசரப்பட்டு 1160 டிகிரிக்கு மேல் ஏற்றினால் லாவெஸ் இருந்த இடம் உருகும். அது பிறகு துளையாக நிற்கும். படிப்படியாக ஏற்றுங்கள், ஒதுங்கல் கரையக் கரைய உருகும் புள்ளியும் உயரும்.

குழி எல்லாமே குளிர்ச்சியின் பிழை அல்ல. ஃபெர்ரிக் குளோரைடு சோதனையில், அதாவது ஏ.எஸ்.டி.எம். ஜி48-இன் சி முறையில், குழி டைட்டானியம் நைட்ரைடு துகளை ஒட்டி இருந்தால் அது உருக்கும் இடத்திலிருந்து வந்தது. வெதுவெதுப்பான கடல்நீரில் 718-இன் கேஸ்கெட் அடியில் பிளவு அரிப்பு வந்தால், மாலிப்டினம் 3 சதவீதமே உள்ள அலாயிடம் அதற்கு மேல் எதிர்பார்த்தது தவறு. அந்த இடத்துக்கு 625 போட்டிருக்க வேண்டும்.

அறிகுறி: குவென்ச்சில் விரிசல், அல்லது மெஷினிங்கில் ஜாப் முறுக்கிக்கொள்கிறது

இதுவரை வேகம் போதாது என்றே பேசினோம். காமா பிரைம் அதிகமுள்ள டிஸ்க் அலாய்களில் வேகமே பிழையாகும். யூடிமெட் 720-ஐக் காமா பிரைம் கரையும் எல்லைக்கு மேலிருந்து நேராக எண்ணெயில் இறக்கினால், ஓரம் சுருங்கி இறுகி நிற்கும்போது நடு இன்னும் விரிந்திருக்கும். கூர்முனைகளில், கீவே மூலைகளில் விரிசல் விழும். 718-இல் தாமதம் குற்றம் என்றேன். இங்கே ஃபர்னஸிலிருந்து எடுத்துச் சற்று நேரம் காற்றில் நிறுத்திவிட்டு எண்ணெயில் இறக்குவது முறையான உத்தி. மேற்பரப்பு கொஞ்சம் இறங்கியிருப்பதால் அதிர்ச்சி குறையும். மின்விசிறிக் காற்று, பாலிமர், உருகிய உப்பு என்று இடைப்பட்ட வழிகளும் உண்டு. கரைவு எல்லையை மெதுவாகக் கடந்தால் படிக எல்லை நெளிநெளியாக மாறும் அலாய்களும் இருக்கின்றன. நெளிந்த எல்லையில் உயர்வெப்ப விரிசல் மெதுவாகவே போகும். ஆகவே மெதுவான குளிர்ச்சி எல்லா இடத்திலும் கெட்டது என்று ஒரு விதி எழுதி ஒட்டிவிடாதீர்கள். எந்த அலாய், எந்த வேலை என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அறிகுறி: டர்பைன் பிளேடில் செதில், கொப்புளம், பச்சை நிறத் துரு

ஐ.என். 738 பிளேடோடு வந்து ஹீட் ட்ரீட்மென்ட் சரியில்லை என்பவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது: இதில் குளிரும் வேகத்துக்குப் பங்கு சிறிது. சூட்டு அரிப்பைத் தீர்மானிப்பது உப்பு, கந்தகம், வெப்பநிலை, அலாயின் குரோமியம், கோட்டிங். 1120 டிகிரி, இரண்டு மணி நேரம், பிறகு 845 டிகிரி, இருபத்துநான்கு மணி நேரம் என்ற சுழற்சியில் முதல் படியின் குளிர்ச்சி காமா பிரைமின் அளவை மாற்றும். அது க்ரீப் (சூட்டில் சுமையால் மெல்ல நீள்வது) ஆயுளைத் தொடும், உப்பின் தாக்குதலைப் பெரிதாகத் தொடாது.

பிளேடின் குறுக்குவெட்டைப் பாருங்கள். செதிலுக்குக் கீழே உலோகத்துக்குள் குரோமிய சல்ஃபைடு புள்ளிகள் பரவி, மேலே வற்றிய பட்டை இருந்தால் முதல் வகைச் சூட்டு அரிப்பு. சோடியம் சல்ஃபேட் 884 டிகிரியில் உருகுவதால் அதற்கு மேற்பட்ட சூட்டிலும் அதை ஒட்டியும் வருவது. குழி குழியாக, உள்ளே சல்ஃபைடு பரவல் இல்லாமல், 700 டிகிரியை ஒட்டிய வேர்ப்பகுதியில் வந்தால் இரண்டாம் வகை; நிக்கல், கோபால்ட் சல்ஃபேட்டோடு கலந்து உப்பு குறைந்த சூட்டிலேயே உருகிவிட்டது. இரண்டிலும் காற்று வடிகட்டியையும் எரிபொருளின் கந்தகத்தையும் கேளுங்கள்.

குளிர்ச்சி உண்மையிலேயே காரணமாக இருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அச்சில் மெதுவாக உறைந்த தடித்த வேரில் டைட்டானியம், டான்டலம் கார்பைடுகள் எழுத்துபோல நீண்டு வளர்ந்து மேற்பரப்பை எட்டியிருக்கும். அவை முதலில் ஆக்சிஜனேறி, பருத்து, செதிலைப் பிளந்து, உப்புக்கு வாசல் திறக்கின்றன. தாக்குதல் கார்பைடு வழியே விரல்போல உள்ளே போயிருந்தால் வார்ப்புக்காரரிடம் பேசுங்கள். அப்படி இல்லையென்றால் ஹீட் ட்ரீட்மென்ட் கடையை விட்டுவிட்டு, கோட்டிங் போட்டவர் கடைசியில் 845 டிகிரி ஏஜிங்கைச் செய்தாரா என்பதையும், பிளேடு எத்தனை மணி நேரம் எந்தச் சூட்டில் ஓடியது என்பதையும் பதிவேட்டில் தேடுங்கள்.